மறுகா

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்
படிவத்தை ஒப்பீசில் கொடுக்கவேண்டும்.
மூன்று கட்டம், ஒன்றில்தான் புள்ளடி.
உங்கள் பட்சில் நாற்பத்தாறு பேர்.
மூன்றாம் கட்டத்துக்கு, இணையப் பாதுகாப்புக்கு,
இதுவரை ஒருத்திதானாம்.
அவளும் பென்சிலால் போட்டிருக்கிறாள்.

"அதப் படிச்சா வேலை எங்க, கொழும்பிலயா?"
செங்கலடிச் சந்தியில் கேட்டாய், நிரோஜ்காந்த்.
வாயெடுக்கமுன் உன் பஸ் வந்துவிட்டது.
மிச்சம் இது.

போன மாரி,
வந்தாறுமூலை வயலெல்லாம் வெள்ளம் நின்ற கிழமை,
கன்டீன் கணக்குப் பார்க்கும் புவனலோஜினிக்கு
போனில் ஒரு செய்தி:
வெள்ள நிவாரணத்துக்கு அவள் பெயர் தெரிவாம்.
அழுத்தினாள்.
எண்பத்தோராயிரம் போனது. சீட்டுக் காசு.
அழவில்லை.
"நான் படிச்சிருந்தா ஏமாந்திருக்க மாட்டன்" என்றாள்.
அதுதான் எனக்குத் தைத்தது.
அதே லிங்கை அழுத்திய இன்னொருவர்
எங்களுக்குப் பாடம் எடுப்பவர்.
அவர் வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவு நானும் ஸிஹாராவும்
மெய்நிகர்க் கணினி ஒன்றைப் பூட்டிவைத்து
அதற்குள் அந்தப் பக்கத்தைத் திறந்தோம்.
கரண்ட் இரண்டுதரம் போனது.
நுளம்புக்குப் புகை வைத்து, காலை மேலே தூக்கி,
வரிவரியாக வாசித்தோம்.
வங்கியின் நிறம், வங்கியின் எழுத்து, வங்கியின் பூட்டுப் படம்.
அடியில் ஒரு வசனம்:
"இலக்கத்தை அனுப்புங்க, மறுகா காசு வரும்."

ஸிஹாரா கையை எடுத்துவிட்டாள்,
சுடுசட்டியைத் தொட்டதுபோல.

மறுகா.
எங்கள் யாழ்ப்பாணத்து அறைத்தோழி
இந்தச் சொல்லைக் கேட்டு இன்னும் சிரிக்கிறாள்.
எழுவான்கரையில் பிறந்தாலென்ன படுவான்கரையில் பிறந்தாலென்ன
சோற்றோடு சேர்த்து விழுங்கிய சொல்.

அதுவரை வந்த கள்ளச் செய்திகள்
"அன்பான வாடிக்கையாளர் உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டது இருக்கிறது" என்று வந்தன.
வாசித்துச் சிரித்து அழித்தோம்.
அந்த உடைந்த தமிழ்தான் எங்களுக்கு வேலி
என்று அன்றைக்குத்தான் விளங்கியது.
வேலியில் பொட்டு வைத்தவன் தூரத்தான் அல்ல.
எங்கோ ஒரு அறையில்,
நம்மைவிடக் கெட்டிக்காரன் ஒருவன்,
படிவமே இல்லாமல்
தன் கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டான்.

கைக்குக் கிடைத்த வடிகட்டி நாலிலும்
அந்தச் செய்தியை விட்டுப் பார்த்தோம்.
நாலும் "வாங்க, இருங்க" என்றன.
பாவம், அவை எங்கள் பேச்சைக் கேட்டதில்லை.

ஆகவே சேர்க்கிறோம்.
களுவாஞ்சிகுடியில் ஒரு தாதி தந்தாள்,
வாகரையில் மீன் ஏலம் கூறுபவர் தந்தார்,
ஏறாவூரில் ஒருவர் தலையைக் குனிந்தபடி போனை நீட்டி
"என் பேர மட்டும் போட்டுராதீங்க" என்றார்.
போடவில்லை. பெயர் நீக்குவதுதான் முதல் வேலை.
அறுநூற்றுப் பத்துச் செய்திகள் இருக்கின்றன.
அதில் பழகிய எங்கள் நிரல்
நேற்று ஒரு கோயில் உபய அறிவித்தலைப் பிடித்து
மோசடி என்றது.
தர்மகர்த்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.

படத்தில் வருவதுபோல் பச்சை எழுத்து ஓடாது, தம்பி.
லொக் கோப்பு ஓடும். கண் எரியும்.
ஆயிரம் வரி சும்மா கிடக்கும்.
ஆயிரத்தோராவதில்
பின்னிரவு மூன்று பத்துக்கு
யாரோ ஒருவர் கதவைத் தட்டிப் பார்த்திருப்பார்.
அதைக் காணும்போது வயிற்றுக்குள் ஒன்று புரளும் பார்,
அதற்காகவே நான் இதில் இருக்கிறேன்.

புவனலோஜினியின் காசு திரும்பவில்லை.
பொலிஸில் ஒரு இலக்கம் தந்திருக்கிறார்கள்.
ஆனால் இப்போது எது வந்தாலும்
எங்களுக்கு அனுப்புகிறாள்: "இது கள்ளமா பாருங்கடி."
போன மாதம் ஒன்று,
நிரல் நல்லது என்று விட்டுவிட்டது,
அவள் விடவில்லை.
"இவ்வளவு மரியாதையா எந்த பேங்க் கதைக்கும்?" என்றாள்.
அவள்தான் சரி.
கட்டுரையில் அவளுக்கு நன்றி எழுதப்போகிறோம்,
அவள் சம்மதித்தால், முழுப்பெயரோடு.

வேலை எங்கே என்று கேட்டாய்.
கொழும்பாக இருக்கலாம், வேறு நாடாகவும் இருக்கலாம்,
இந்த லெப்பின் ஒழுகும் மூலையாகவும் இருக்கலாம்.
எனக்குச் சரியாகத் தெரியாது.
வேலை கிடக்கிறது, குவிந்து கிடக்கிறது,
அது மட்டும் தெரியும்.

பேனா எடுத்துக்கொண்டு போ.
அந்தப் பிள்ளைக்கும் ஒன்று கொடு.
எனக்கு ஏழு மணிக்கு லெப் பூட்டிவிடுவார்கள்.
மறுகா கதைப்பம்.